மலைப் பாதையில் ஒரு கிலோமீட்டர் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் இப்போது ஒன்பது பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். இருந்த இரண்டு ஆசிரியைகளில் ஒருவர் மாறுதலாகிப் போய்விட்டார். பள்ளியைக் கீழே உள்ள பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் எங்களைப் போன்றவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? (கோத்தகிரி வட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: இருக்கிறது, அம்மா. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 21ஆவது பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்றும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டிய பொறுப்பை 22ஆவது பிரிவு இந்தக் குழுவிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. ஆகவே உங்கள் கருத்துக்குச் சட்டம் ஏற்கெனவே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு பள்ளியில் இந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தலைவியாக இருந்த அம்மா காலை எடைக்குக் கொழுந்தைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். தீர்மானப் புத்தகத்தை அவர் முன் திறந்து வைத்து, பக்கத்தின் அடியில் விரலால் இடத்தைக் காட்டினார்கள். மேலே ஒரு வரிகூட எழுதப்படவில்லை. "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்றார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு மதிய எடைக்கு ஓடினார். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை; பழக்கம், அவ்வளவுதான். ஆனால் உங்கள் பள்ளியைப் பற்றிய முடிவும் அப்படி ஒரு வெற்றுப் பக்கத்தின் அடியில் எழுதப்படக்கூடாது.

இனித் தூரத்துக்கு வருகிறேன். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையிலான பள்ளி, குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டு வரையிலான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இது சமவெளிக்குப் பொருந்துகிற கணக்கு. எதிர்ச் சரிவில் தெரிகிற பள்ளி வரைபடத்தில் எண்ணூறு மீட்டரில் இருக்கலாம். அங்கே போக வேண்டுமானால் ஓடை வரை இறங்கி, பாலம் இருந்தால் கடந்து, தேயிலைப் பாத்திகளுக்கிடையே மறுபடி ஏற வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும் வரை ஆகும். இதை விதி எழுதியவர்களும் யோசிக்காமல் இல்லை. மத்திய அரசு 2010இல் வெளியிட்ட மாதிரி விதிகள், கரடுமுரடான நிலப்பகுதி, நிலச்சரிவு, வெள்ள அபாயம், சாலையின்மை ஆகியவை உள்ள இடங்களில் இந்தத் தூர வரம்பைக் குறைத்து, பிள்ளைகள் ஆபத்தில்லாமல் வந்து சேரும்படி பள்ளியை அமைக்க வேண்டும் என்று சொல்கின்றன. மிகச் சிறிய குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பள்ளி இல்லையென்றால் இலவசப் போக்குவரத்தோ தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தர வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு.

ஆசிரியர் விஷயத்திலும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது அதன் அட்டவணையில் உள்ள அளவு. பிள்ளைகள் ஒன்பது பேர்தான் என்பதற்காக அது ஒன்றாகிவிடாது. எனவே தீர்மானம் எழுதும்போது "பள்ளியை மூடக்கூடாது" என்ற ஒற்றை வரியோடு நிறுத்த வேண்டாம். போன ஜூலையில் எத்தனை நாள் ஓடையைக் கடக்க முடியவில்லை, இரண்டாவது ஆசிரியை எந்த மாதம் போனார், கீழ்ப் பள்ளிக்குப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது ஆகிய விவரங்களை வரிசையாக எழுதி, நகலை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

கசப்பான ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் ஊரில் ஒன்பது பிள்ளைகள் மட்டும்தானா இருக்கிறார்கள்? மற்ற பிள்ளைகள் காலை ஏழரை மணிக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏறிப் போகிறார்கள் என்றால், பள்ளியைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்கப் போகும்போது அந்த வீடுகளின் கதவையும் தட்டுங்கள். அங்கே என்ன பதில் கிடைக்கிறது என்பதை எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: கூடலூரில் மழை பெய்தால் குன்னூரிலும் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார்கள். படிப்பு கெடாதா? (குன்னூர் வாசகர்)

பதில்: வட்ட அளவில் மட்டும் விடுமுறை அறிவிப்பதும் உண்டு, நம் நீலகிரி மாவட்டத்துக்குப் பொருத்தமானது அதுதான் என்பது என் கருத்து. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். வடகிழக்குப் பருவமழை வந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாள் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் இருப்பதால், விட்ட நாள்களைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்கிறார்களா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. விடுமுறையையே குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: மும்மொழியா இருமொழியா என்று தொலைக்காட்சியில் தினமும் சண்டை போடுகிறார்கள். எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிள்ளைகள் வீட்டில் படுகு மொழி பேசுகிறார்கள். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? (உதகை வட்டத்திலிருந்து ஒரு பெரியவர்)

பதில்: நிறையவே இருக்கிறது, ஐயா. 1968 ஜனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்திலிருந்து தமிழகம் இருமொழிக் கொள்கையில் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே தொடர்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ மூன்று மொழிகளைக் கேட்கிறது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனதால் இரு தரப்பும் உரிமை கொண்டாட இடம் ஏற்பட்டது. நான் இருமொழிக் கொள்கையின் பக்கம் நிற்பவன், அதை மறைக்கவில்லை.

ஆனால் உங்கள் பேரன் முதல் வகுப்புக்குள் நுழையும்போதே படுகு அவன் நாவில் இருக்கிறது. அங்கே தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தால் மூன்று மொழிகள் ஆகிவிட்டன. கூடலூர்ப் பிள்ளையாக இருந்தால் மலையாளமோ கன்னடமோ தெருவிலேயே கிடைத்துவிடும். பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் இதுவே. எந்த மேடையிலும் மொழிகளை எண்ணுகிறவர்கள் இந்த முதல் மொழியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தேசியக் கொள்கை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறதே என்பீர்கள். படுகு அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்று அல்ல, அதில் பாடப்புத்தகம் யார் எழுதுவார்கள்? உடனடியாக நடக்கக்கூடியது ஒன்று உண்டு. முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு புரிகிற ஓர் ஆசிரியரோ உதவியாளரோ இருக்கட்டும். "தண்ணீர் வேண்டும்" என்று வீட்டு மொழியில் கேட்ட பிள்ளைக்கு விளங்காமல் உட்காரச் சொன்ன வகுப்பறையை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் மகளுக்கு இடம் கிடைத்தது. இப்போது வேன் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். இது நியாயமா? (பந்தலூர் வாசகி)

பதில்: அரசு பள்ளிக்குத் திருப்பித் தருவது படிப்புக்கான கட்டணத்தை, வேன் அதில் அடங்குவதில்லை. இந்த ஒதுக்கீட்டில் பள்ளிக்கும் வீட்டுக்குமான தூரத்தைப் பார்ப்பதற்கே காரணம் பிள்ளை நடந்து போகலாம் என்பதுதான். மலையில் அது பல இடங்களில் நடப்பதில்லை. மத்திய மாநில அரசுகளின் நிதித் தகராறில், வழக்கமாக மே மாதத்துக்குள் நடக்கும் சேர்க்கை 2025இல் அக்டோபரில் தொடங்கியதையும் பார்த்தோம். வேனுக்கு ரசீது தருகிறார்களா, "இதர கட்டணம்" என்ற பெயரில் வேறு எதையும் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். அப்படிச் சேர்த்திருந்தால் எழுத்துமூலம் மாவட்டக் கல்வி அலுவலரிடம் முறையிடலாம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் இருக்கிறார். பள்ளிச் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது. யாரிடம் போவது? (மஞ்சூர் பக்கத்து வாசகர்)

பதில்: 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. உறுப்பினரே இல்லாதபோது அந்த நாற்காலிகள் காலியாகிவிடுகின்றன. சுவர் இடிந்த செய்தி பள்ளியிலிருந்து ஊராட்சிக்கு வந்து சேரும் வழி அத்துடன் அடைபடுகிறது.

கிராமசபை மட்டும் நிற்பதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூட வேண்டும். குறைவெண் வரம்பும், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும், உண்டு: ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர். உங்கள் மனுவை முன்கூட்டியே தனி அலுவலரிடம் கொடுத்து, கூட்டப் பொருளில் சுற்றுச்சுவரை முதல் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கிராமசபைகளில் பச்சைத் தேயிலை விலையைப் பற்றிய பேச்சு முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடுகிறது.