பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறோம். ஆக்ஸ்போர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் மானிடவியல் அருங்காட்சியகத்துக்குப் பேரனை அழைத்துச் சென்று, நம் ஊர் எறிதடியான வளரியைக் காட்ட விரும்புகிறேன். இணையத்தில் ஒரு முகவர் ‘காத்திருக்காமல் உள்ளே செல்லும் அனுமதி’ என்று தலைக்கு 25 பவுண்ட் கேட்கிறார். சுருங்கிய மனிதத் தலைகளின் படத்தையும் விளம்பரத்தில் போட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை காலையில் போக எண்ணம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பிட் ரிவர்ஸ் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. பள்ளிகளும் பெரிய குழுக்களும்தான் முன்பதிவு செய்ய வேண்டும். உங்களைப் போலக் குடும்பமாக வருபவர்கள் நேராக உள்ளே நடந்து போகலாம். நன்கொடை கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம்; அது உங்கள் விருப்பம்.

இந்த முகவர்கள் செய்வது என்னவென்றால், ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியின் கூலியை ‘அனுமதி’ என்ற பெயருக்குள் ஒளித்துவைத்து, சீட்டு இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தை உண்டாக்குவதுதான். வழிகாட்டியின் உழைப்புக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், ‘இந்த 25 பவுண்டில் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் கட்டுவது எவ்வளவு?’ என்று எழுத்தில் கேளுங்கள். நேரான பதில் வராது. அந்தப் படத்தையும் நம்ப வேண்டாம். சுருங்கிய தலைகள் உள்ளிட்ட மனித உடற்பகுதிகளை அருங்காட்சியகம் 2020-லேயே காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. இலவசமான ஒன்றை விலைக்கு விற்பவரின் விளம்பரத்தைத் தேடுபொறிகள் காசு வாங்கிக்கொண்டு மேலே வைப்பதும், அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கம் அதற்குக் கீழே தள்ளப்படுவதும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. இதைக் கேட்பார் யாரும் இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் திட்டத்தில் உண்மையான சிக்கல் திங்கட்கிழமைதான். செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 10 மணிக்குத் திறக்கும் பிட் ரிவர்ஸ், திங்கட்கிழமை மட்டும் நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். இதில் ஏமாறுவது எளிது. ஏனென்றால் பொதுமக்கள் பிட் ரிவர்ஸுக்குள் செல்ல வேண்டியது பார்க்ஸ் சாலையில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாகத்தான். அதுவும் பல்கலைக்கழகத்தினுடையது, அதுவும் இலவசம், ஆனால் திங்கட்கிழமையும் அது 10 மணிக்கே திறந்துவிடும். பத்தரைக்கு வருபவர் வாசல் திறந்திருப்பதைப் பார்த்து நிம்மதியாக உள்ளே போவார். டைனோசர் எலும்புக்கூடுகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால், அங்கே கதவு மூடியிருக்கும். ‘திங்கட்கிழமை விடுமுறை’ என்று சொல்வதும் தவறு, ‘எல்லா நாளும் பத்து மணி’ என்று சொல்வதும் தவறு. செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், காலையைப் பேரனுடன் டைனோசர்களிடம் கழித்துவிட்டு 12 மணிக்குப் பின்பக்கம் செல்லுங்கள். இரண்டும் மாலை 5 மணிக்கு மூடிவிடும்.

வளரியைப் பற்றி: ‘இந்தியப் பகுதி எங்கே?’ என்று அங்கே கேட்காதீர்கள். அப்படி ஒரு பகுதி இல்லை. ஜெனரல் பிட்-ரிவர்ஸ் 1884-இல் தம் சேகரிப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, பொருள்கள் நாடு வாரியாக இல்லாமல் வகை வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. இன்றும் அதே முறைதான். விளக்குகள் எல்லாம் ஓரிடத்தில், கேடயங்கள் எல்லாம் ஓரிடத்தில் என்று, கண்ணாடிப் பேழைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆயுதங்கள் மேல்தளத்தில் உள்ளன. எறிதடிகளையும் பூமராங்குகளையும் அங்கே தேடுங்கள். தென்னிந்திய வளரியை ஆஸ்திரேலிய பூமராங்கோடு ஒப்பிட்டு ஜெனரலே எழுதியிருக்கிறார். ஆனால் பேழைகளில் இருப்பது மொத்தச் சேகரிப்பில் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே புறப்படுவதற்கு முன், வளரி காட்சியில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். கிடங்கில் இருக்கும் பொருளைப் பார்க்க வேண்டுமென்றால் பல வாரங்களுக்கு முன்பே எழுதி அனுமதி பெற வேண்டும். நம் ஊர்ப் பொருளை நம்மவர் பார்ப்பதற்கு இத்தனை கடிதப் போக்குவரத்து வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் வருத்தம் உண்டு.

துணிகளையும் இறகுகளையும் காப்பதற்காக உள்ளே வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். பல பொருள்களில் நூறாண்டுக்கு முந்தைய கையெழுத்தில், நகத்தளவு எழுத்தில் சீட்டுகள் ஒட்டியிருக்கும். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். பணியாளரிடம் கைவிளக்கு கிடைக்குமா என்றும் கேளுங்கள். கீழ்த்தளத்தில், வெள்ளிப் பூச்சு பூசி வாய் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. 1915-ஐ ஒட்டி சசெக்ஸ் பகுதி மூதாட்டி ஒருவரிடமிருந்து வந்தது. உள்ளே சூனியக்காரி அடைபட்டிருக்கிறாள், திறந்துவிட்டால் பெருந்தொல்லை என்று அவர் எச்சரித்தாராம். பேரனை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். பேழைகளுக்குக் கீழே உள்ள இழுப்பறைகளில் சிலவற்றைப் பார்வையாளரே இழுத்துப் பார்க்கலாம் என்பதையும் அவனுக்குச் சொல்லிவையுங்கள்.