டிஎம்டி எடுக்கப் பயமாக இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 54 வயது. பிபிக்கு மூன்று வருடமாக மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். ஒரு மாதமாக இரண்டாவது மாடி ஏறினால் நெஞ்சில் இறுக்கமும் மூச்சு வாங்கலும் வருகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. ஈசிஜி நார்மல். ஆனாலும் டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் (டிஎம்டி) எழுதியிருக்கிறார். “மெஷினில் ஓடும்போதே அட்டாக் வந்துவிடும்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். முழங்கால் வலி வேறு. எடுக்கலாமா?

பதில்: எடுங்கள் அம்மா. உங்களைப் போல் தொந்தரவு சொல்பவர்களுக்குத்தான் இந்த டெஸ்ட் அதிகம் பயன்படும்.

படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி நார்மலாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. ஓய்வில் இதயத்துக்குத் தேவைப்படும் ரத்தம் குறைவு. இதய ரத்தக்குழாயில் ஓரளவு அடைப்பு இருந்தாலும் அந்தத் தேவைக்குப் போதுமான ரத்தம் போய்விடும். வீட்டில் ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் தண்ணீர் நன்றாக வரும், எல்லாக் குழாயையும் திறந்தால்தானே குறை தெரியும்? உங்களுக்கு மாடி ஏறும்போது தெரிவதை, மருத்துவர் கண்முன்னே வரவழைத்துப் பார்ப்பதுதான் டிஎம்டி.

நீங்கள் ஓட வேண்டியதில்லை, நடந்தால் போதும். பெரும்பாலான இடங்களில் பின்பற்றுவது புரூஸ் முறை. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். இதயத்துடிப்பு 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 சதவீதத்தை எட்டப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது ஏறக்குறைய 141. ஈசிஜி திரையில் ஓடிக்கொண்டே இருக்கும், பிபியும் அவ்வப்போது பார்ப்பார்கள். இறங்கிய பிறகும் சில நிமிடங்கள் கவனிப்பார்கள். மாற்றம் சில நேரம் அப்போதுதான் தெரியும், அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள்.

அட்டாக் பயத்துக்கு வருகிறேன். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாரடைப்பு போன்ற பெரிய சிக்கல் சுமார் 10,000 டெஸ்ட்டுகளில் ஒன்றிலிருந்து நான்கு வரை வரலாம். ஆனால் அங்கே பக்கத்தில் மருத்துவரும் அவசர மருந்துகளும் இருப்பார்கள். மாடிப்படியில் தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்கு அதிகக் கவலை. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், தாடையிலோ முதுகிலோ வலி வந்தால் உடனே சொல்லுங்கள். “இன்னும் கொஞ்சம் தாங்கிப் பார்ப்போம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த நிமிடம் வலி வந்தது என்பதும் எங்களுக்கு ஒரு முக்கியத் தகவல்.

மெட்டோப்ரோலால் இதயத்துடிப்பை அதிகரிக்க விடாது, அதனால் டெஸ்ட் தெளிவாக வராமல் போகலாம். சிலருக்கு ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு இறுக்கம் உள்ளவர் இதைத் திடீரென விட்டால் தொந்தரவு கூடும். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். முழங்கால் வலியையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கால் வலியால் பாதியில் இறங்கினால் இதயத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அப்படியானால் ஊசி மருந்தால் இதயத்தைத் தூண்டி எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கும் வழியும் இருக்கிறது.

லேசாகச் சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள். புடவை வேண்டாம். சுடிதார், பிடிமானமுள்ள காலணி, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நல்லது. மார்பில் ஒயர் ஒட்டுவார்கள் என்பதால் கூச்சமாக இருந்தால், பெண் ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள். அதில் தயங்க ஒன்றுமில்லை.

‘பாசிட்டிவ்’ (அடைப்பு இருக்கலாம்) என்று வந்தால் உடனே ஆபரேஷன் என்று நினைக்காதீர்கள். பெண்களுக்கு அடைப்பே இல்லாமலும் இப்படி வருவதுண்டு. அடுத்து சிடி ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) போன்ற ஒன்றால் உறுதிப்படுத்துவார்கள். ‘நெகட்டிவ்’ வந்தும் மாடி ஏறும்போது அதே இறுக்கம் தொடர்ந்தால், ரிப்போர்ட்டைக் காட்டி மறுபடி கேளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, முன்பைவிடக் குறைவாக நடந்தாலே வந்தாலோ, டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலி பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ வியர்த்துக் கொட்டினாலோ, 108-ஐ அழையுங்கள்.