லாட்ஜின் கரண்ட் கணக்கை வெளியே சொல்லணுமா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் அப்பா கட்டிய 24 அறை லாட்ஜை நடத்துகிறேன். சிங்கப்பூரில் ஹோட்டல் பராமரிப்பு வேலையில் இருக்கும் மச்சான், அங்கே கட்டடம் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று வருஷா வருஷம் அரசுக்குக் கணக்குக் கொடுக்கணும் என்கிறார். நமக்கும் அது வருமா? தொழில் கணக்கு வெளியே போய்விடுமே என்று அப்பா பயப்படுகிறார். போன வருஷம் 72,000 யூனிட், ஜெனரேட்டருக்கு 600 லிட்டர் டீசல். கட்டடம் 900 சதுர மீட்டர். ஏறக்குறைய 5,000 அறை-நாள் ஓடியிருக்கும்.
– ராமேஸ்வரம் வாசகர்

பதில்: தம்பி, மச்சான் சொல்வது சரிதான். சிங்கப்பூரில் 2013-லிருந்து அந்த நடைமுறை இருக்கிறது; ஹோட்டலும் அதில் அடக்கம். நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேலே. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் கணக்குக் கொடுத்து, அதற்குக் கிடைக்கும் ஏ, பி, சி என்ற எழுத்துத் தரத்தை 2020 முதல் வாசலிலேயே ஒட்ட வேண்டும். உங்கள் லாட்ஜைப் போல இரண்டரை மடங்கு இருந்தால்தான் அந்த அளவே வரும்.

நம் நாட்டில் 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது, 2007-ல் வணிகக் கட்டட விதிமுறை வந்தது. அது 100 கிலோவாட் இணைப்புச் சுமை (மாட்டியிருக்கும் எல்லாக் கருவிகளின் மொத்தத் திறன்) அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் கேட்டு வாங்கிய உச்ச அளவு), அதற்கு மேலும் உள்ள புதுக் கட்டடங்களை எப்படிக் கட்டணும் என்று சொல்வது. வருஷக் கணக்கை வாசலில் ஒட்டச் சொல்வதல்ல. மின் சிக்கனத்துக்காகக் கட்டடங்களுக்குத் தரும் நட்சத்திரக் குறியும் விருப்பப்பட்டு வாங்குவதுதான். அப்பாவிடம் இதைச் சொல்லி அவர் பயத்தைப் போக்குங்கள்.

ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கணக்கைப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மண்டபம் பக்கம் ஐஸ் ஃபேக்டரிகளுக்கும் லாட்ஜ்களுக்கும் மின் தணிக்கை பார்த்தே என் சர்வீஸ் முடிந்தது. பில் தொகையை மனப்பாடமாகச் சொல்லும் முதலாளிகளை நிறையப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று சொன்னவர் யாருமில்லை.

உங்களுக்கு நானே போட்டுவிடுகிறேன். டீசலை விட்டுவிடக் கூடாது. லிட்டருக்கு 3 யூனிட் என்று வைத்தால் 1,800. ஆக மொத்தம் 73,800 யூனிட். 900-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 82. ஆனால் லாட்ஜுக்கு இந்த ஒரு எண் போதாது. கூட்டமில்லாத வருஷம் அது தானாகக் குறையும், நாம் எதுவும் செய்யாமலே நல்ல பேர் வாங்கித் தரும். அதனால் 5,000 அறை-நாளாலும் வகுங்கள். ஒரு அறை ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 15 யூனிட். இந்த எண்தான் உண்மை பேசும்.

அந்த 15 எங்கே போகிறது? விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்குக் கிளம்பும் குடும்பம் ஏசியை அணைக்காமலே பூட்டிப் போகும். அக்னி தீர்த்தம், உள்ளே 22 தீர்த்தம் எல்லாம் ஆடி ஈரத்துணியோடு திரும்ப மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் கீசர். சாவியோடு சேர்ந்து கரண்ட் நிற்கும் சுவிட்சை ஏசி லைனிலாவது போடுங்கள்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. தென்கடல் பக்கம் பார்த்த ஏசி அவுட்டோர் பெட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அதன் தகடுகளில் உப்பு படிந்து, இரண்டு மூன்று வருஷத்தில் கையில் உதிரும். சூடு வெளியேறாமல் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். ஐந்து நட்சத்திரம் ஒட்டி வந்த பெட்டி இங்கே அந்த நட்சத்திரத்துக்கு ஓடாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டாம். மாற்றும்போது உப்புக்காற்று தாங்கும் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் மோட்டாருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டுங்கள். ஒரு லாட்ஜில் தரைத்தொட்டி ஒழுகி, ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியது எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. சப் மீட்டர் மாட்டிய மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னாலேயே மாட்டிவிடுங்கள் தம்பி. கூட்ட நாள் கணக்கும் வெறும் நாள் கணக்கும் அடுத்தடுத்துக் கிடைத்தால், இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.