பெண் உறுப்புச் சிதைப்பு, சிறுவயதுக் கல்யாணம்: கென்யாவில் பள்ளிக்கூடம் என்ன செய்ய முடிகிறது? (கேள்வி பதில்)

கென்யாவில் பெண்பிள்ளைகளின் படிப்பு, பாதுகாப்பு சார்ந்த வேலைகளோடு எனக்கு நீண்டகாலத் தொடர்பு இருப்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். கென்யாவை வைத்தே பேசுகிறேன், எனக்குப் பழக்கமான இடம் அதுதான்.

மீனா: அக்கா, பெண் உறுப்பை அறுக்கும் சடங்கு இன்னுமா நடக்கிறது?

நடக்கிறது. யூனிசெஃப்பின் 2024 கணக்குப்படி இன்று உயிரோடிருக்கும் பெண்களில் 23 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது செய்யப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவோடு நிற்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம், அதில் சுமார் 8 கோடிப் பேர் ஆசியாவில். கென்யாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 1998இல் 38 சதவீதமாக இருந்தது 2022 கணக்கெடுப்பில் 15க்கு இறங்கியிருக்கிறது. நல்ல இறக்கம்தான், ஆனால் சராசரியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. சோமாலிச் சமூகத்தை மட்டும் எடுத்தால் இன்னமும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர்.

ராகவன்: நர்ஸோ டாக்டரோ சுத்தமாகச் செய்தால் ஆபத்து குறையுமே?

கென்யாவின் கீசி பகுதியில் இந்த வாதம் நிறையவே ஓடுகிறது. சுத்தமான பிளேடு அந்த நேரத்துக் கிருமித்தொற்றைக் குறைக்கலாம், அவ்வளவுதான். வெட்டியது திரும்ப வராது. தழும்பு, சிறுநீர்த் தொல்லை, தாம்பத்தியத்தில் வலி, பிரசவச் சிக்கல் எல்லாம் வரத்தான் செய்யும். உடம்புக்கு இதனால் ஒரு நன்மையும் கிடையாது. டாக்டர் செய்தாலும் கென்யச் சட்டத்தில் குற்றம்தான்.

செல்வி: இந்தச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் படிப்பு எங்கே வருகிறது?

முக்கியமான கேள்வி. மாடு மேய்த்து வாழும் மசாய், சம்புரு மக்களிடம் சடங்கு முடிந்தால் பெண் பெரியவள். பெரியவள் என்றால் கல்யாணத்துக்குத் தயார், பரிசமாக மாடுகள் வரும், வறட்சியில் மந்தை செத்துப்போன வீட்டுக்கு அந்த மாடுகள்தான் மீதிப் பிள்ளைகளுக்கான சோறு. அப்பா கொடுமைக்காரர் என்பதால் மட்டும் இது நடப்பதில்லை, அவர் போடும் கணக்கு அப்படி. பள்ளிக்கூடம் கை வைப்பது இந்தக் கணக்கில்தான். பள்ளிக்குப் போகிற வரை ஊர்க் கண்ணில் அவள் சின்னப்பிள்ளை. மூன்று நான்கு வருடம் தள்ளிப்போனாலே அவளுக்கு மாட்டேன் என்று சொல்லும் வயதும் வாயும் வந்துவிடுகிறது.

காகென்யா என்டையாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சடங்குக்கு ஒப்புக்கொள்கிறேன், பதிலுக்கு என்னைப் படிக்க விடுங்கள் என்று அப்பாவிடம் பேரம் பேசிய மசாய்ப் பெண். அமெரிக்கா வரை போய்ப் படித்துவிட்டு, சொந்த ஊரான எனோசாயனிலேயே 2009இல் பெண்கள் பள்ளி தொடங்கினார். மகளுக்குச் சடங்கும் செய்ய மாட்டோம், சிறுவயதில் கட்டிக்கொடுக்கவும் மாட்டோம் என்று பெற்றோர் ஒப்புக்கொண்டால்தான் அங்கே இடம். நூறு விழிப்புணர்வுக் கூட்டத்தைவிட இந்த ஒரு நிபந்தனைக்கு வலு அதிகம் என்பேன்.

இம்ரான்: சட்டம்தான் இருக்கிறதே, பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே?

கென்யாவில் இந்தச் சடங்கைத் தடைசெய்யும் 2011 சட்டப்படி குறைந்தது 3 வருடச் சிறை அல்லது 2 லட்சம் ஷில்லிங் அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம்; பெண் இறந்துவிட்டால் ஆயுள் தண்டனை வரை. 2014 திருமணச் சட்டம் 18 வயதைக் கட்டாயமாக்கியது. சட்டம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாட்சி சொல்ல வேண்டியது யார்? அந்தப் பிள்ளை, தன் அம்மா அப்பாவுக்கு எதிராக. எத்தனை பேர் சொல்வார்கள்? அப்புறம், பயந்தவர்கள் நிறுத்தாமல் ராத்திரியில் செய்கிறார்கள், இன்னும் சின்ன வயதில் செய்கிறார்கள், எல்லை தாண்டிக் கூட்டிப்போகிறார்கள்.

வகுப்பாசிரியை ஒருவர்: நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

விடுமுறையை. புண் ஆற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் நீண்ட விடுமுறையில்தான் செய்வார்கள், கென்யாவில் வழக்கமாக நவம்பர், டிசம்பர். 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது சடங்கும் கல்யாணமும் எப்படிக் கூடின என்பது அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். விடுமுறைக்கு முன் ஒரு பெண் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால், வீட்டில் விசேஷம், பாட்டி ஊருக்குப் போகிறேன் என்றால், அக்கா போன வருடம் படிப்பை நிறுத்தியிருந்தால், தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். விடுமுறை முடிந்து வந்தவள் நடக்கச் சிரமப்பட்டாலும், கழிப்பறையில் வெகுநேரம் இருந்தாலும், விளையாட்டை ஒதுக்கினாலும் அதே. நீங்களே போய் அப்பாவிடம் சண்டை போடாதீர்கள், அன்று ராத்திரியே பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார். கென்யாவில் கட்டணமில்லாத 116 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ குழந்தைகள் நல அதிகாரிக்கோ முதலில் சொல்லுங்கள். மசாய் மக்கள் வாழும் நரோக்கில் ஆக்னஸ் பரேயோ என்ற பெண் 2002இல் தொடங்கியது போன்ற காப்பகங்கள் இருக்கின்றன. அங்கே தங்கியபடியே படிக்கலாம். வீட்டோடு பேசிச் சமாதானம் செய்து திருப்பி அனுப்பவும் பார்ப்பார்கள்.

இன்னொரு ஆபத்தான கட்டம், தொடக்கப்பள்ளி முடித்து அடுத்த நிலைப் பள்ளிக்குப் போகும் இடம். கட்டணம், தூரம், விடுதி இல்லாமை என்று ஏதாவது ஒன்றில் படிப்பு நின்றால் அடுத்தது கல்யாணம்தான்.

சுந்தர்: அவர்கள் பண்பாட்டில் வெளியாட்கள் மூக்கை நுழைக்கலாமா?

பரேயோவும் என்டையாவும் வெளியாட்களா? இரண்டு பேருமே சடங்குக்கு ஆளான மசாய்ப் பெண்கள். 1996இல் கென்யாவின் தாராகா பகுதியில் ஒரு மாற்றுச் சடங்கு தொடங்கப்பட்டது. பெண்களை ஒதுக்கி வைத்துப் பாடம் சொல்வது, விருந்து, பெரியவர்கள் ஆசி எல்லாம் உண்டு, கத்தி மட்டும் கிடையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அப்பாவும் ஊர் இளைஞர்களும் வராமல் பெண்களை மட்டும் வைத்து நடத்தினால் விழாவும் நடக்கும், பிறகு வெட்டும் நடக்கும், அப்படி ஆகியிருக்கிறது. வெட்டாத பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று பையன்கள் வாயால் வர வேண்டும்.

பெயர் வேண்டாம்: ஏற்கெனவே செய்துவிட்ட பெண்ணுக்கு இனி என்ன?

படிப்பை விடக் கூடாது, அதுதான் முதலில். வெட்டியாகிவிட்டது, இனிப் பள்ளி எதற்கு என்று வீட்டில் ஆரம்பிப்பார்கள். அடுத்து வரப்போவது கல்யாணம், அதையாவது நிறுத்த முடியும். சிறுநீர் கழிப்பதில் கஷ்டம், மாதவிடாயில் தாங்க முடியாத வலி என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சடங்கில் உறுப்பைத் தைத்து மூடியிருந்தால் அதைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. வகுப்பில் இதைப் பற்றிப் பேசும்போது அவளைப் போன்றவர்களும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்போடு பேசுங்கள். கெட்டுப்போனவள், குறைப்பட்டவள் மாதிரியான பேச்சே வேண்டாம்.