சட்டம் முந்தியதா, மக்கள் முந்தினார்களா?

"அறுபதுகளில் பிரிட்டன் மக்கள் மனம் மாறினார்கள், அதனால் சட்டங்கள் மாறின" என்று உங்கள் கட்டுரையின் முதல் வரியில் எழுதியதற்கு ஆசிரியர் "ஆதாரம்?" என்று சுழித்துவிட்டார் என்கிறீர்கள். சரியான கேள்விதான். தூக்குத் தண்டனையையே பாருங்கள், 1965-இல் கொலைக்குத் தூக்கு கிடையாது என்று நாடாளுமன்றம் நிறுத்திவைத்து 1969-இல் அதை நிரந்தரமாக்கியபோதும், கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலோர் தூக்கு வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருபாலுறவு விஷயம் இன்னும் சுவாரசியம். ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு 1957-லேயே பரிந்துரைத்தும் பத்து வருடம் இழுத்தடித்து 1967-இல்தான் சட்டம் வந்தது; அதுவும் இருவருக்கும் 21 வயதாகியிருக்க வேண்டும், தனியிடத்தில் இருக்க வேண்டும், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான். ஸ்காட்லாந்தில் 1980-இல்தான் நிறைவேறியது. (உங்கள் "பிரிட்டன் மக்கள்" இங்கேயே ஆட்டம் காண்கிறது!)

அப்புறம், 1967-இன் அந்தச் சட்டமும் கருக்கலைப்புச் சட்டமும் அரசு கொண்டுவந்தவை அல்ல. லியோ ஆப்ஸ், டேவிட் ஸ்டீல் என்ற தனி எம்.பி.க்களின் மசோதாக்கள், உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் பக்கபலமாக இருந்ததால் கரையேறின. முதல் வரியை அடித்துவிட்டு இந்த மூவரிலிருந்து தொடங்குங்கள், மக்களைப் பற்றி அடுத்த பத்தியில் பேசிக்கொள்ளலாம்.