மலையேறும் ரயிலைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: செங்கோட்டையில் வசிக்கிறோம். கார் கிடையாது. மாமனார், முழங்கால் வலியுள்ள மாமியார், நாங்கள் இருவர், 7 வயது மகள், 4 வயது மகன் என ஆறு பேர். அதிகாலை ரயிலில் மலை இறங்கி, பாலருவி, தென்மலை, புனலூர் தூக்குப்பாலம், கொல்லம் கடற்கரை எல்லாம் பார்த்துவிட்டு இரவு பஸ்சில் திரும்பலாம் என்று நினைக்கிறோம். முடியுமா? மகளுக்கு பஸ்சில் வாந்தி வரும்.

பதில்: ஓடியாடி நான்கு இடங்களையும் தொட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் உங்கள் மாமியாருக்கு அது தண்டனையாகிவிடும். அவருடைய முழங்காலையும் உங்கள் மகளின் வயிற்றையும் முன்னால் வைத்து நாளைத் திட்டமிடுங்கள். புனலூர் மட்டும் போதும். அதையும் நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: காலையில் பஸ்சில் போய், பகல் ரயிலில் திரும்புங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பாதையில் பஸ்கள் பல, ரயில்கள் சில. அதிகாலை ரயிலை நம்பினால் இருட்டிலேயே குழந்தைகளை எழுப்ப வேண்டும்; மழைக்காலத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. கொல்லத்திலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் விரைவு ரயிலோ நல்ல பகலில் மலையேறுகிறது. கொல்லத்தில்தான் அது புறப்படுகிறது என்பதால், 45 கி.மீ. தள்ளியிருக்கும் புனலூரில் ஏறும்போது பொதுப் பெட்டியிலும் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தப்பித்தவறி ரயிலை விட்டுவிட்டாலும், பஸ் இருக்கும் நேரம் அது. நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம், பதிமூன்று கண் பாலம். கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவே, 1904-இல் இந்தப் பாதை திறந்தபோதே இருந்த கருங்கல் பாலம் அது. ரயிலில் போகிறவர்கள் அதன் மேலேயே போகிறார்கள், அதனால் அதன் அழகு அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நெடுஞ்சாலை பாலத்தை ஒட்டியே செல்கிறது. எனவே காலையில் பஸ் ஜன்னலிலிருந்து வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். மதியம் அதே பாலத்தின் மேல் ரயில் போகும்போது, "காலையில் பார்த்தோமே, அதுதான்" என்று காட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளை மறக்காது. பாலம் வரும்போது சொல்லும்படி கண்டக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் போதும். இந்தத் தடத்துக் கேரள பஸ் கண்டக்டர்கள் தமிழ் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

பஸ் பயணம் ஏறத்தாழ 50 கி.மீ., இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். புளியரைக்கு மேல் எஸ் வளைவிலிருந்து கோட்டைவாசல் வரைதான் வயிறு கலங்கும் இடம். மகளை முன்பகுதியில் ஜன்னலோரம் உட்கார வைத்து, தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுக்காதீர்கள். இட்லி ஒன்றிரண்டோடு காலை உணவை நிறுத்துங்கள். வெறும் வயிறும் ஆகாது. கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள். வாந்தி மாத்திரை வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுத்தான். தமிழக நகரப் பேருந்துகளின் மகளிர் இலவசப் பயணம் மாநிலம் தாண்டும் பஸ்சுக்குப் பொருந்தாது, சில்லறையோடு ஏறுங்கள்.

புனலூரில் தூக்குப்பாலம் பஸ் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 1877-இல் கல்லடையாற்றின் மேல் கட்டியது, இப்போது வண்டிகள் போவதில்லை. மாமியார் நின்று நின்று நடக்கலாம். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோ எடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே மட்டை அரிசிச் சோறுதான் அதிகம், பெரியவர்களுக்குப் பழக்கமில்லையென்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.

ரயில் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்து வைக்காதீர்கள். 200 கி.மீ.க்குக் குறைந்த முன்பதிவில்லாத டிக்கெட், எடுத்த 3 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்து வரும் முதல் ரயிலில் பயணம் தொடங்கினால்தான் செல்லும். 5 வயதுக்கு உட்பட்ட மகனுக்கு டிக்கெட் வேண்டாம், மகளுக்கு அரை டிக்கெட். மூத்த குடிமக்களுக்கான சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், மாமனாருக்கும் மாமியாருக்கும் முழுக் கட்டணம்தான். கூட்டம் இருக்கும் நாளென்றால் பெரியவர்கள் இருவருக்கும் துணையாக ஒருவருக்கும் மட்டும் படுக்கை வகுப்பில் முன்பதிவு செய்யலாம். குறைந்தபட்சம் 200 கி.மீ.க்கான கட்டணம் வாங்குவார்கள். முழங்காலுக்காகக் கொடுக்கலாம்.

மலைப்பாதையில் ரயில் மிக மெதுவாகத்தான் ஏறும், பஸ்சைவிடத் தாமதமாகும். அதில் குறையொன்றும் இல்லை: ரயிலில் கழிப்பறை உண்டு, மாமியார் காலை நீட்டிக்கொள்ளலாம், மகளுக்கும் வயிறு புரட்டாது. குகைகளுக்குள் போகும்போது மட்டும் பிள்ளைகளின் கை ஜன்னலுக்கு வெளியே இருக்கக் கூடாது, வாசலருகே யாரும் நிற்கக் கூடாது. ஆரியங்காவைத் தாண்டியதும் வரும் நீளமான குகையில் மகன் பயந்து அழக்கூடும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலருவிக்கும் தென்மலைக்கும் நடையும் படிகளும் அதிகம். மாமியார் வீட்டிலேயே ஓய்வெடுக்கும் ஒரு நாளில் மற்றவர்கள் போய் வாருங்கள்.

குற்றால சீசனில் சனி, ஞாயிறுகளையும், கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ பள்ளி விடுமுறை விழும் ஒரு வாரநாள் அமைந்தால் போங்கள். சாரல் குறைந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.