முந்நூறு பேர், முந்நூறு போன்: மேடைப்பேச்சு கேள்வி-பதில்

அவையில் எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் எப்படிப் பேசுவது என்று இந்த முறை நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். "போனைக் கீழே வையுங்கள்" என்று சொல்லலாமா? (கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி)

சொல்லாதீர்கள். சொன்ன நொடியிலேயே தேர்வறைக் கண்காணிப்பாளர் ஆகிவிடுவீர்கள். குனிந்திருப்பவர்கள் எல்லாருமே உங்களை விட்டுப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ஒருவர் நீங்கள் சொன்ன ஊரைத் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் உங்கள் வரியை ஸ்டேட்டஸில் வைத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. நம் மேடைகளில் முதல் இரண்டு நிமிடமும் விளிப்பதிலேயே போகிறது. தலைவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்றவர், நன்றி சொல்லப் போகிறவர், ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி. கேட்க வந்தவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வேலையும் இல்லை, கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நேராக விஷயத்துக்குள் போங்கள். ஒரு சம்பவம், முப்பது நொடி. அப்புறம் வணக்கம் சொல்லுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று நானும் பயந்திருக்கிறேன். பேச்சின் நடுவே, பொருத்தமான இடத்தில், அவர் செய்த ஒரு நல்ல காரியத்தோடு பெயரைச் சொல்லிப் பாருங்கள். வரிசையில் பத்தோடு பதினொன்றாகக் கேட்பதைவிட அவருக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று, போனுக்கு நீங்களே ஒரு வேலை கொடுங்கள். முக்கியமான படம் திரையில் வரும்போது "இதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பத்து நொடி பேசாமல் நில்லுங்கள். எடுத்து முடித்ததும் திரையைக் கறுப்பாக்குங்கள். பவர்பாயின்ட் ஓடும்போது விசைப்பலகையில் 'பி' எழுத்தைத் தட்டினால் போதும். பார்க்க வேறு எதுவும் இல்லாதபோது கண்கள் உங்களிடம் வரும்.

எங்கள் ஆண்டு விழாவில் பேச்சாளருக்குப் பின்னால் பெரிய திரையில் பார்வையாளர்களின் பதிவுகளை ஓடவிட நினைக்கிறோம். நல்ல யோசனைதானே? (மாணவர் மன்றச் செயலாளர், கோவை)

தயவுசெய்து வேண்டாம். 2009 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த வெப் 2.0 எக்ஸ்போ என்ற இணையத்துறை மாநாட்டில் இதைச் செய்தார்கள். பேசியவர் டானா பாய்ட், இளைஞர்கள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையே ஆராய்பவர். ட்விட்டர் பதிவுகள் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடின, அவருக்குத் தெரியாது. மேடை விளக்கு கண்ணில் அடித்ததால் கூட்டத்தின் முகமும் தெரியவில்லை. திடீரென்று சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் இன்னும் வேகமாகப் படித்தார், வேகத்தைப் பார்த்து இன்னும் கிண்டல் வந்தது. பிறகு அவரே இதை எழுதினார். அந்தத் துறையிலேயே ஊறியவருக்கு இந்த நிலை என்றால், முதல்முறை மேடை ஏறும் உங்கள் தோழிக்கு?

அவை பேச வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்லது. கேள்விகளை ஸ்லைடோ மாதிரி ஒரு செயலியிலோ வாட்ஸ்அப் எண்ணிலோ வாங்குங்கள். ஒரு மாணவர் அவற்றைப் படித்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்தச் சொல்லி, இரண்டை மட்டும் உரக்கக் கேட்கட்டும். கிண்டலான கேள்விகூட ஒரு மனிதக் குரலில் வரும்போது கொஞ்சம் பண்போடு வரும்.

கை நடுங்குகிறது. முன்பு தெரிந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள், இப்போது வீடியோவாகப் போய்விடுமே என்று இன்னும் பயம். (வங்கி ஊழியர், மதுரை)

நீங்கள் உணர்கிற அளவு நடுக்கம் வெளியே தெரிவதில்லை. ஆறுதலுக்காக நான் சொல்லும் வார்த்தை இல்லை இது. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் இதைச் சோதித்தார்கள். பேசுபவர்கள் தங்கள் பதற்றம் அப்பட்டமாகத் தெரிவதாக நினைத்தார்கள், கேட்டவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி மேடையேற்றியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். அதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

கையில் ஏ4 தாள் வேண்டாம், நடுக்கத்தைப் பத்து மடங்காகக் காட்டும். கெட்டி அட்டை போதும். அப்புறம், நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் போய் வந்திருப்பவர்களில் நான்கு பேரிடம் பேசுங்கள், எங்கிருந்து வருகிறார்கள், என்ன வேலை என்று. திருக்குறளில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல், அடுத்ததுதான் அவையஞ்சாமை. அந்த வரிசையை நான் எப்போதும் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன். யார் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி இறங்கும்.

நான் மறுத்துப் பேசிய கருத்தையே என் கருத்து போல வெட்டிப் பரப்பிவிட்டார்கள். இதைத் தவிர்க்க வழி உண்டா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு பள்ளி விழாவில், "தமிழில் படித்தால் வேலை கிடைக்காது என்கிறார்கள், அது பொய்" என்று பேசினேன். அழுத்தம் வேண்டும் என்று 'கிடைக்காது'க்குப் பிறகு ஒரு நொடி நிறுத்தினேன். சாயங்காலம் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலேயே அந்தத் துண்டு வந்தது: "தமிழில் படித்தால் வேலை கிடைக்காது." என் குரல், என் முகம். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

பிறகு யோசித்தபோது புரிந்தது, நம் மொழியின் அமைப்பிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. தமிழில் 'என்று', 'என்கிறார்கள்' போன்றவை அடுத்தவர் சொன்ன வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. அடுத்தவர் கருத்தை முழுதாக நம் வாயால் சொன்ன பிறகுதான் அது அடுத்தவருடையது என்பதே தெரிகிறது. கத்திரிக்கோல் வைக்கிறவருக்கு அந்த இடம் வாகாக அமைந்துவிடுகிறது.

எதிர்க்கருத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். "தமிழில் படித்தால் வேலை கிடைக்காதா?" இங்கே 'ஆ' வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை மட்டும் தனியாக வெட்ட முடியாது. இல்லாவிட்டால் உங்கள் நிலையை முதலில் சொல்லுங்கள்: "தமிழில் படித்தவர்களுக்கும் வேலை உண்டு, இல்லை என்பவர்கள் இந்த ஊரையே பார்க்கட்டும்." எங்கே வெட்டினாலும் உங்கள் கருத்துதான் கிடைக்கும். முக்கியமாக, 'என்று' வரும்வரை மூச்சு விடாதீர்கள். நிறுத்தம் அதற்குப் பிறகு. அடுத்தவர் குரலில் நடித்துக் காட்டுவதும் அரங்கில் நன்றாக இருக்கும், போனில் அது நடிப்பு என்று தெரியாது. அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேச்சு முழுவதையும் நீங்களே ஒரு போனில் பதிவு செய்து வையுங்கள். துண்டு பரவினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு நிமிடத்தை, துண்டு வந்த அதே இடத்தில், அன்றைக்கே போடுங்கள். சண்டை வேண்டாம், "முழுப் பகுதி இது" என்ற ஒரு வரி போதும்.

'வந்து', 'ஆக்சுவலி' என்று நூறு முறை சொல்கிறேன். (பொறியாளர், சென்னை)

எண்ணுவதற்கு ஓர் ஆளை வையுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கூட்டங்களில் இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து எண்ணுவார். வீட்டில் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் இரக்கமே இல்லாமல் எண்ணுவார்கள். அந்தச் சொல் வர இருக்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகுங்கள். உங்களுக்கு நீளமாகத் தோன்றும் மௌனம் கேட்பவருக்கு ஒரு மூச்சு நேரம்தான்.

நேரலை இருக்கும்போது கேமராவைப் பார்ப்பதா, எதிரே இருப்பவர்களையா? (தன்னார்வலர், திருச்சி)

எதிரே இருப்பவர்களை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோதும் தொலைக்காட்சியில் நேரலை இருந்தது. பேச்சின் பிற்பகுதியில், அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் அந்தக் கனவைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் குரல் கொடுத்தார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கிங் எழுதி வந்ததை விட்டுவிட்டுப் பேசினார். உலகம் இன்றும் போட்டுப் பார்ப்பது 'எனக்கு ஒரு கனவு உண்டு' என்ற அந்தப் பகுதியைத்தான்.

கேமராவை நடுப்பாதையில், கடைசி வரிசைத் தலைகளுக்குச் சற்று மேலே வைக்கச் சொல்லுங்கள். பின்வரிசையைப் பார்க்கும்போது வீட்டில் இருப்பவரையும் பார்த்ததாகிவிடும். உங்கள் பேச்சை மனதாரக் கேட்கும் ஒரு நண்பரை அந்தக் கேமராவுக்கு நேர் கீழே உட்கார வையுங்கள்.